மடுவில் மாட்டிய சேல்கெண்டைக் குஞ்சுகள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ர போடுவது, எந்த ன போடுவது என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். வலை இழுத்து இழுத்து விரல்கள் மடங்கிப்போனதால் பேனா கையில் நிற்பதில்லை, எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிவிடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரைக் கூப்பிட வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை.

நான் இருப்பது தென்பெண்ணைக் கரையில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில். ஆற்றில் தண்ணீர் இருந்தால் மீன் பிடிப்பேன். இல்லாவிட்டால் கூலிக்குப் போவேன். முன்பு வருடத்தில் எட்டு மாதம் ஆறும் நாலு மாதம் கூலியுமாக இருந்தது. இப்போது நாலு மாதம் ஆறு கிடைத்தாலே பெரிது. என்னோடு வலை இழுப்பவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். நான் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசிவிடுவார்.

சேல்கெண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடியில் ஆற்றில் செந்தண்ணீர் வந்தால், கீழே பெரிய அணையில் கிடக்கிற கெண்டை தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். எல்லாம் சினை மீன். கரையோரப் புல்லிலும் பாறை இடுக்கிலும் முட்டை விட்டுவிட்டு இறங்கிவிடும். கார்த்திகை வரைக்கும் தண்ணீர் ஓடும் என்ற நம்பிக்கையில் அது அப்படிச் செய்கிறது. அந்த நாலு மாதத்தில் குஞ்சு கொசுப் புழு அளவிலிருந்து சாண் நீளம் ஆகி, தண்ணீர் வடியும்போது தானும் கூடவே கீழே போய்விடும். தண்ணீரின் நிறம், வேகம், குளிர்ச்சி இந்த மூன்றையும் வைத்து மீன் மாதத்தைத் தெரிந்துகொள்கிறது என்று நான் நினைக்கிறேன். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இப்போது மழை, மாதம் பார்த்து வருவதில்லை. வந்தால் இரண்டு நாளில் இரண்டு மாத மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. பிறகு நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. போன வருடம் அப்படித்தான் நடந்தது. சித்திரையில், மாங்காய் இன்னும் காயாக இருக்கும்போதே, காற்றோடு இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆற்றில் இடுப்பளவு செந்தண்ணீர். மச்சான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"மாப்ள, வாய்யா வெளிய! ஆடி சித்திரையிலயே வந்து நிக்குது, நீ இன்னும் வூட்டுக்குள்ள படுத்துங்கெடக்கற!"

போனோம். தண்ணீர் பாறை மேலிருந்து விழுகிற இடத்தில் கெண்டை துள்ளித் துள்ளி ஏறிக்கொண்டிருந்தது. பல வருடமாக நான் அப்படிப் பார்க்கவில்லை. நாங்களும் பிடித்தோம், பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மீனைக் கண்ணியிலிருந்து எடுக்கும்போது வயிறு அழுந்தி, தினை மாதிரி முட்டை என் உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டது. கையைத் தண்ணீரில் அலம்பினேன். அதற்குப் பிறகு எனக்கு வலை போட மனம் வரவில்லை. கால் வலிக்கிறது என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. எட்டாம் நாள் ஓட்டம் நின்றது. பெரிய மீன்கள் சமயம் பார்த்து இறங்கிவிட்டன. முட்டைக்கு எங்கே போகத் தெரியும்? அடுத்த சில நாளில், தேங்கிய தண்ணீரின் ஓரத்தில், நிழல் விழுந்தால் சிதறி ஓடுகிற சின்னச் சின்னக் கோடுகளைப் பார்த்தேன். கண்ணும் முதுகுக் கோடும் மட்டும்தான் தெரிந்தது. எல்லாம் கெண்டைக் குஞ்சு.

வைகாசி முழுக்க வெயில். எங்கள் பக்கத்தில் வெயில் புதிது அல்ல. ஆனால் இப்போதைய வெயில் சாயங்காலம் ஆனாலும் இறங்க மாட்டேன் என்கிறது. மூன்று இடத்தில் தேங்கிய தண்ணீர் இரண்டு இடமானது. பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒரு பெரிய பாறைக்குக் கீழே, எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபம் அளவுக்கு ஒரு மடு. ஆழமான இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. மற்ற இரண்டு குட்டை வற்றும்போது நானும் என் மனைவியும் கொசுவலைத் துணியில் குஞ்சுகளை அள்ளி வந்து இதில் விட்டோம். அதற்கு முன் இரண்டு வருடம் குஞ்சு ஒன்றுகூடத் தேறவில்லை. கீழே அணையிலும் இப்போது வலையில் விழுவது முக்கால்வாசி, எந்தக் கெட்ட தண்ணீரிலும் பிழைத்துக்கொள்கிற ஜிலேபி மீன்தான். அதனால் எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் பக்கத்து ஆற்றில் இனிமேல் சேல்கெண்டை என்று ஒன்று இருக்கவேண்டுமானால் அது இந்த மடுவில் இருப்பதுதான். ஆடித் தண்ணீர் வரும்வரை இவை பிழைத்துக் கிடக்க வேண்டும். இன்னும் ஐம்பது நாள் இருந்தது.

அந்த ஐம்பது நாளும் நான் நிம்மதியாக ஓரிடத்தில் உட்காரவில்லை. காலையில் எழுந்ததும் மடுவுக்குப் போவேன். வந்து கூழ் குடித்துவிட்டு மறுபடி போவேன். தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பாறையில் ஒரு கரிக்கோடு போட்டு வைத்திருந்தேன், தண்ணீர் தினமும் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது. மதியம் காலை விட்டால் மேல் தண்ணீர் வெந்நீர் போலச் சுடும், பாதத்துக்குக் கீழே மட்டும் குளிர்ச்சி. குஞ்சுகள் அந்தக் குளிர்ந்த அடித்தண்ணீரில் போய் நெருக்கியடித்து நிற்கும். விடியற்காலையில் போனால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆயிரம் வாய் ஒரே நேரத்தில் திறந்து மூடினால் தண்ணீரில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்து மழைதான் என்று நான் ஒருநாள் ஏமாந்தேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள். "ஏங்க, பொண்ண பெரசவத்துக்கு ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்த மாதிரி ஓடறீங்களே, சோத்தையாவது உக்காந்து துண்ணுங்க."

"தண்ணி கொறையுது."

"அது உங்க மூஞ்சிய பாத்தா கொறையாம நிக்குமா?"

ஊரில் வேறு பேச்சு நடந்தது. மடு எப்படியும் வற்றப்போகிறது. அதற்குள் கொசுவலை போட்டு அள்ளினால் பொடி மீன் கருவாட்டுக்காவது ஆகும் என்றார்கள். மச்சானே அந்தக் கூட்டத்தில் இருந்தார். "சாவப்போறத துண்ணா பாவமா மாப்ள? கொக்கு துண்ணலாம், நாம துண்ணக்கூடாதா?" என்றார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆமாம் என்றேனா இல்லை என்றேனா என்று அவருக்குப் புரிந்திருக்காது.

மடுவை ஒட்டி மேட்டில் ஒரு தென்னந்தோப்பு. அது கணவர் இல்லாத ஓர் அக்காவுடையது. தனியாக நின்று தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர், நாக்கு அரிவாள் மாதிரி. அவருடைய போர் ஆயிரத்து நூறு அடி. சுற்றுவட்டாரத்தில் மற்ற போரெல்லாம் புகைந்து நின்றபோதும் அதில் மட்டும் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் மடுவில் விட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மூன்று நாள் அவர் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். மூன்றாவது நாள் அவரே கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, தெனமும் வந்து என் கேட்டை மொறைச்சுப் பாத்துட்டுப் போறயே, கழட்டி வித்துடலாம்னு பாக்கறயா?"

"இல்லீங்கக்கா."

"அப்பறம்?"

"ஒண்ணும் இல்லீங்கக்கா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராகத் தோப்புக்குப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். "காலைல த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மொதல்ல ஒரு மணி நேரம் உங்க மீனுக்காம். அதுக்கப்பறம்தான் தென்னைக்காம். பைப்பு நீங்க கொண்டாரணுமாம். அவ்ளோதான், இதுக்கு மூணு நாளா?" என்றாள்.

பைப்புக்கு மச்சானிடம்தான் போக வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டே இரண்டு வீட்டில் கேட்டு வாங்கி வந்து சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். "மீனு ஆத்துல மொளைக்குங்கறதுதான் கேள்விப்பட்டிருக்கன். மீனுக்குத் தண்ணி பாய்ச்சறவன இன்னிக்குத்தான் பாக்கறன். களை எடுக்கறது எப்ப, மாப்ள?"

ஆனி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். மோட்டார் போட்டதும் பைப்பு பாம்பு மாதிரி நெளிந்து, இருமி, பிறகு தண்ணீரைக் கக்கியது. கண்ணாடி போன்ற தண்ணீர். மடுவில் இருந்ததோ பச்சைப் பாசி படிந்து, கையில் அள்ளினால் நாறுகிற தண்ணீர். நான் பைப்பின் வாயை மடுவுக்குள், ஆழமாக, தண்ணீர் சிதறி வீணாகாதபடி அழுத்தி வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகப் பைப்பு வாயை நோக்கி வந்தன. ஓடுகிற தண்ணீர் என்று நினைத்து அதை எதிர்த்து ஏறப் பார்த்தன, தாய் மீன் ஏறினதைப் போலவே. யாரும் இல்லாத இடம் என்பதால் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் காலை பைப்பு இருந்த மூலையில் நூறு நூற்றைம்பது குஞ்சு வெள்ளை வயிறு காட்டி மிதந்தது.

வெயில்தான் கொன்றுவிட்டது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். அக்காவின் காலில் விழாத குறையாக, இல்லை, என் மனைவியை அனுப்பி, அன்றைக்கு இரண்டு மணி நேரம் விடச் செய்தேன். அதற்கு அடுத்த நாள் செத்தது இருநூறுக்கு மேல். மூன்றாம் நாளும் விட்டேன். பொறுக்கி எடுத்துப் பாறையில் போட்டதை எண்ணிக்கொண்டே வந்தேன், பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கரிக்கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறியிருந்தது. தண்ணீர் ஏற ஏற மீன் செத்தது. இதை என்னவென்று யோசிப்பது? மடுவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாராவது மருந்து கலந்துவிட்டார்களா என்று சுற்றியிருந்த தோட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தது இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செத்த மீன்களுக்கு நடுவில் ஏழெட்டு ஜிலேபிக் குஞ்சுகள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. சில வருடம் முன்பு ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் சேறு அள்ளுகிற கூலி வேலைக்கு இரண்டு மாதம் போயிருந்தேன். அங்கே போர்த் தண்ணீரை நேராகத் தொட்டியில் விட மாட்டார்கள். மேலே ஓட்டை போட்ட தகரம் ஒன்றைக் கட்டி, அதன் வழியாக மழை மாதிரிக் கொட்ட விடுவார்கள். நான் அதைத் தினமும் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பார்க்க அழகாக இருக்கும் என்று கட்டியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். பண்ணையில் தொட்டி ஓரத்தில் ஒரு பெண் தவிட்டு உருண்டை போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. இருமினேன். திரும்பினார்.

"யாரைங்கண்ணா பாக்கணும்?"

நான் அந்தத் தகரத்தைக் கையால் காட்டினேன்.

"தகரத்தையா பாக்கணும்?" என்று சிரித்தார்.

"அது எதுக்குங்க?" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு, எப்படி என்று தெரியாது, மடு, பைப்பு, செத்த குஞ்சு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பின் மாறித்தான் சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணா, அவ்ளோ ஆழத்துல இருந்து வர்ற தண்ணில காத்தே இருக்காது. பாக்கத்தான் பளபளன்னு இருக்கும். மீனுக்கு அதுல மூச்சு விட ஒண்ணும் இல்ல. நீங்க பைப்பை வேற உள்ள அழுத்தி வெச்சுட்டீங்க. குஞ்சுங்க ஓடற தண்ணின்னு ஆசையா வந்து அங்கயே மூச்சு முட்டிப் போயிருக்குது."

"நான்தான் கொன்னுட்டனுங்களா?"

"தெரியாமச் செஞ்சீங்க," என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். தண்ணீரை உயரத்திலிருந்து கல்லில் விழுந்து சிதற விட வேண்டும். சிதறிய தண்ணீர் பத்திருபது அடி நடந்து மடுவுக்குள் போக வேண்டும். ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மடுவின் பாதிக்கு மேல் தென்னங்கீற்றுப் போட்டு நிழல் கட்ட வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்று உதட்டுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தோப்பு அக்காவிடம் இந்த முறை நானே போனேன். கீற்று வேண்டும், அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

"அக்கா, உங்க தண்ணில மீனு செத்துடுச்சுங்க."

"இன்னாது? என் தண்ணி கொன்னுச்சா? இருபது வருசமா அந்தத் தண்ணியத்தான் நான் குடிக்கறன். நான் செத்தா போய்ட்டன்?"

"இல்லீங்கக்கா, அதுல காத்து இல்ல..."

"தண்ணில ஏதுய்யா காத்து? டயர்லதான் காத்து இருக்கும்."

நான் அவர் வீட்டு வாசலில் இருந்த குடத்துத் தண்ணீரைக் காட்டி, பண்ணைப் பெண் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் முழுவதையும் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அவர் பார்த்ததில்லை. "சரி சரி, மூச்சு வாங்காத. இருக்கற கீத்தையெல்லாம் எடுத்துட்டுப் போ," என்றார். ஒரு பழைய எண்ணெய் டின்னையும் கொடுத்தார். மச்சான் ஆணி வைத்து அதில் ஓட்டை போட்டார். ஓட்டை போடும்போது அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. மூன்று நாளாகப் பாறை மேல் காய்ந்து கிடந்த குஞ்சுகளை அவரும் பார்த்திருந்தார். கருவாட்டுப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

பாறை உச்சியில் டின்னைக் கட்டினோம். தண்ணீர் அதிலிருந்து கல்லில் விழுந்து, சிதறி, நாங்கள் கூழாங்கல் பரப்பிய வாய்க்காலில் நடந்து மடுவுக்குள் இறங்கியது. முதல் நாள் இரவு நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. விடிந்ததும் போனேன். மூன்றே மூன்று மிதந்தது. அடுத்த நாள் ஒன்று. அதற்கு அடுத்த நாள் ஒன்றுமில்லை. வாய்க்கால் மடுவில் சேருகிற இடத்தில் குஞ்சுகள் வரிசையாகத் தலையை எதிர்த் தண்ணீரில் நீட்டி நின்றன. முன்பு இருந்ததில் கால்வாசி இருந்தால் அதிகம். மீதி முக்கால்வாசி போனது வெயிலால் இல்லை.

அப்படியே ஆனி முடிந்தது. குஞ்சுகள் விரல் நீளத்துக்கு வந்தன. ஆடி பிறந்ததும் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. எந்தத் தண்ணீருக்காக ஐம்பது நாள் காத்திருந்தேனோ அதே தண்ணீரைப் பற்றிய பயம்.

எங்கள் ஆற்றில் இப்போது முதல் தண்ணீர் செந்தண்ணீராக வருவதில்லை. மேலே ஆறு மாதம் தேங்கிக் கிடந்த சாக்கடையையும் கழிவையும் அடித்துக்கொண்டு கறுப்பாக வருகிறது. நுரை, சோப்பு நுரை மாதிரி, ஆள் உயரத்துக்குக்கூட நிற்கும். அந்தத் தண்ணீர் தலையைக் காட்டுகிற இடமெல்லாம் பெரிய மீனே வாயைப் பிளந்து ஒதுங்கும். ஒன்றரை நாளோ இரண்டு நாளோ போனால்தான் மழைத் தண்ணீர் வந்து அதைத் தள்ளும். மடுவுக்குள் அந்தக் கறுப்பு நுழைந்தால் இந்தக் குஞ்சுகளுக்கு ஒரு மணி நேரம் போதும். மடுவுக்கு மற்றப் பக்கமெல்லாம் பாறைதான், ஆற்றைப் பார்த்த வாயை மட்டும் மூட்டை போட்டு அடைக்க வேண்டும். கறுப்பு போனதும் திறக்க வேண்டும். அடைக்க நாற்பது மூட்டை மணலாவது வேண்டும். என்னாலும் மச்சானாலும் மட்டும் ஆகிற வேலை இல்லை.

ஆடி ஏழோ எட்டோ தேதி. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாளை மதியத்துக்குள் வந்துவிடும் என்று போனில் தகவல் வந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம். கிணறு ஊறும், போர் ஊறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போனேன். வெளியே வந்தேன். வேட்டியை அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி உள்ளே போனேன்.

"மடுவை அடைக்கணும்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, "மடுவை அடைக்கணுங்க. மொதல் தண்ணி வந்தா குஞ்சு செத்துடும். மூட்டை கட்ட ஆளு வோணும்," என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "ஆத்துல தண்ணி வர்றப்ப அணை கட்டறவன் நீ ஒருத்தன்தான்யா," என்றார். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஓடிப்போய்விடலாம் என்று கால் சொன்னது.

"ஏற்கெனவே முக்கால்வாசிய நானே கொன்னுட்டன். மீதியாச்சும் பொழைக்கட்டும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. மச்சான் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "என் தங்கச்சியக் கட்டி இருபத்தஞ்சு வருசத்துல இவன் ஒண்ணா இவ்ளோ பேசி நான் கேட்டதில்ல. ஏந்திரிங்கய்யா. இல்லன்னா இன்னும் பேசுவான்," என்றார். ஆறு பேர் வந்தார்கள். தோப்பு அக்கா உரச் சாக்கு கொடுத்தார். என் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் மணல் அள்ளிப் போட்டார்கள். பொழுது சாயும் நேரம் மடுவின் வாயில் மார்பளவுக்கு மூட்டை நின்றது.

மறுநாள் மதியம் தண்ணீர் வந்தது. முதலில் நாற்றம் வந்தது, பிறகு சத்தம், பிறகு நுரை. நான் பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தண்ணீர் மூட்டைகளைத் தொட்டு, நக்கி, ஏறியது. இரண்டு இடத்தில் கசிந்தது. நானும் மச்சானும் அந்த நாற்றத் தண்ணீரில் இறங்கிச் சேற்றை அப்பினோம். அப்ப அப்ப இன்னொரு பக்கம் கசிந்தது. தண்ணீர் இன்னும் அரை முழம் ஏறியிருந்தால் மூட்டைக்கு மேலே போயிருக்கும். ஏறவில்லை. அது எங்கள் திறமை இல்லை, மேலே எவ்வளவு திறந்தார்களோ அதைப் பொறுத்தது. அதற்கடுத்த நாள் சாயங்காலம் நுரை குறைந்தது. விடிந்தபோது தண்ணீர் கலங்கிய செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அள்ளி முகர்ந்தேன். மண் வாசம்தான்.

மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நடுவில் இருந்த நாலைந்தை எடுத்ததும் ஆற்றுத் தண்ணீர் மடுவுக்குள் பாய்ந்தது. நான் அந்த இடைவெளியில் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கலங்கல் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலில் பட்டது. கணுக்காலில், முழங்காலில், சின்னச் சின்னதாக, வேகமாக, எதிர்த் தண்ணீரில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"எத்தன போயிருக்கும் மாப்ள?" என்று கரையிலிருந்து மச்சான் கேட்டார்.

"தெரியல."

"ஐநூறு?"

"தெரியல மச்சான்."

இன்றைக்கும் தெரியாது. போன கார்த்திகையில் எங்கள் வலையில் சாண் நீளத்தில் ஆறு சேல்கெண்டை விழுந்தது. அந்த மடுவில் இருந்தவையா, வேறு எங்காவது பிழைத்தவையா, யார் சொல்ல முடியும்? ஆறையும் விட்டுவிடச் சொன்னேன். மச்சான் நாலை விட்டார், இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். எனக்கும் குழம்பு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன்.

இந்த வருடம் சித்திரை மழை வரவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரே ஒரு நாள் கொட்டியது. மீன் ஏறியதா என்று பார்க்க நான் ஊரில் இல்லை, தீர்த்தமலைப் பக்கம் கூலி வேலையில் இருந்தேன். திரும்பி வந்து மடுவைப் பார்த்தேன். ஓரத்தில் கோடு கோடாக ஓடுகிறது. கெண்டையா, ஜிலேபியா என்று சொல்ல இன்னும் பத்து நாள் ஆகும். பொறுக்க முடியாமல் காலையும் மாலையும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று டின்னைப் பாறையில் கட்டிவிட்டேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். சாக்கு முப்பத்தெட்டு சேர்ந்திருக்கிறது.

இதை எழுதி முடித்தது ஆனி மாதம் பதினோராம் தேதி, புதன்கிழமை.